எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒலிபெருக்கிக்கு சப்ஊஃபர் வாங்குமுன்...

இசைப்பிரியர்களான வணிக அன்பர்களுக்கு ஒரு வார்த்தை. இங்கிலாந்தின் குவாட் நிறுவனம் 1957-இல் வெளியிட்ட எலக்ட்ரோஸ்டாட்டிக் ஒலிபெருக்கியில் கூம்பு கிடையாது. உயர் மின்னழுத்தத்தில் மெல்லிய படலமே அதிர்கிறது. குரல் அத்தனை தெளிவு. ஆனால் அடித்தொனியில், படலத்தின் முன்னும் பின்னும் எழும் ஒலிகள் ஒன்றையொன்று தின்றுவிடும். அந்தக் குறைக்குத்தான் சப்ஊஃபர்.

வாட் கணக்கை மட்டும் பார்த்து வாங்குவது, மாதிரி பார்க்காமல் மிளகாய் மூட்டை பிடிப்பதற்குச் சமம். துளையில்லாத மூடிய பெட்டியே பெரும்பாலும் ஒத்துப்போகும், ஒலி இழுபடாது. பிரிப்பு அளவை 80 ஹெர்ட்ஸில் தொடங்கிப் பாருங்கள். பெட்டி தனியாகக் காதில் விழுந்தால் ஒலியைக் குறையுங்கள். கடையில் அதிர்வதெல்லாம் நம் கூடத்தில் அதிராது. எனவே வீட்டில் வைத்துக் கேட்டு, பிடிக்காவிட்டால் திருப்பித்தர ஒப்புக்கொள்பவரிடமே பணத்தைக் கொடுங்கள்; அதையும் பில்லிலேயே எழுதி வாங்குங்கள்.