வீட்டுப் பின்புறக் கூடுகளும் அவற்றின் பகைவர்களும்



ஜொகூரில் ஆண்டிறுதி அடைமழை ஓய்ந்து பிப்ரவரி பிறந்ததும், நம் லயத்து வீடுகளின் பின்புறத்தில் குருவிகள் கூடு கட்டத் தொடங்குகின்றன. செம்பருத்தி வேலி, கறிவேப்பிலை மரம், ரம்புத்தான் கிளை, கூரை இடுக்கு எதையும் அவை விடுவதில்லை. ஜூன், ஜூலை வரை இந்த வேலை நடக்கும். அந்த மாதங்களில் மாணவர் யாராவது காலியான கூடு ஒன்றைப் பள்ளிக்கு எடுத்து வந்து, "சார், நேத்து மூணு முட்டை இருந்துச்சு. எது தின்னுச்சு?" என்று கேட்பது வழக்கம். இந்தக் கேள்விக்கு வகுப்பில் அரை மணி நேரம் போதுவதில்லை. பதிலில் பாதி வீட்டில் இருப்பதால், இன்று பெற்றோராகிய உங்களிடமே பேசுகிறோம்.

நம் வேலியில் அதிகமாகக் காண்பது கொண்டைக்குருவி. மலாய்க்காரர்கள் இதை மெர்பா என்பார்கள். வெள்ளை முகம், கண்ணின் குறுக்கே ஒரு கறுப்புக் கோடு, வாலுக்கு அடியில் மஞ்சள். திறந்த கிண்ணம் போன்ற கூட்டில் இரண்டு அல்லது மூன்று முட்டையிடும். தையல் சிட்டு அகன்ற இலையின் ஓரங்களைப் பஞ்சாலும் சிலந்தி நூலாலும் தைத்து, அந்தப் பைக்குள் கூடு வைக்கும். தேன்சிட்டோ துணி காயப்போடும் கம்பியில்கூடத் தன் கூட்டைத் தொங்கவிடும். குண்டுக்கரிச்சானும் மைனாவும் பொந்து தேடுபவை.

இவற்றை உண்ண வருபவர்களின் பட்டியல் நீளமானது. பகலில் காக்கை, செம்போத்து, அணில், குரங்கு. இரவில் எலி, மரநாய், பாம்பு. உடும்புக்கு மரமேறத் தெரியும். செம்முசுறு எறும்புகூட இறகு முளைக்காத குஞ்சைக் கொன்றுவிடும். காக்கையைப் பற்றி ஒரு செய்தி: இந்த ஊர்க்காக்கை மலாயாவின் பழங்குடியன்று. 1890களில் காப்பித் தோட்டத்துப் புழுக்களை ஒழிக்கவென்று இலங்கையிலிருந்து கிள்ளானுக்குக் கொண்டுவரப்பட்டது. புழுவோடு அது நிற்கவில்லை. மூடாத குப்பைத் தொட்டி இருக்கும் இடமெல்லாம் அதற்கு ஊர்தான்.

இத்தனை பகைவர்களுக்கு நடுவே குருவிகள் எப்படிப் பிழைக்கின்றன? இது நல்ல கேள்வி. இங்கிலாந்தில் ராபின் என்னும் சிறு பறவை ஒரு முறைக்கு நான்கு முதல் ஆறு முட்டை வரை இடுகிறது. நம் கொண்டைக்குருவிக்கு ஏன் இரண்டு, மூன்று மட்டும்? கோஸ்தா ரிக்கா நாட்டில் வாழ்ந்த பறவை அறிஞர் அலெக்சாண்டர் ஸ்கட்ச் 1949ஆம் ஆண்டு இதற்கு ஒரு விளக்கம் எழுதினார். குஞ்சுகள் அதிகமானால் தாய் தந்தையர் தீனியோடு கூட்டுக்கு வந்து போகும் தடவைகளும் அதிகமாகும். ஒவ்வொரு வருகையும் மறைந்திருந்து பார்க்கும் பகைவனுக்கு வழிகாட்டும். வெப்ப நாடுகளில் அப்படிப் பார்க்கும் கண்கள் மிகுதி. ஆகவே சிறு குடும்பமே பாதுகாப்பு என்றார் அவர். காரணங்கள் வேறும் உண்டென்று பின்வந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள் என்றாலும், இந்தக் கருத்து இன்றும் பேசப்படுகிறது.

முட்டையிட்டு, அடைகாத்து, குஞ்சு கூட்டை விட்டு இறங்க ஏறக்குறைய மூன்றரை வாரம் ஆகிறது. வெப்ப நாடுகளில் திறந்த கூடுகளில் பாதிக்கு மேல் இந்த மூன்றரை வாரத்தைத் தாண்டுவதில்லை. கேட்கக் கொடுமையாக இருக்கும். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு சோடி தன் வாழ்நாளில் பல முறை கூடு கட்டுகிறது. அதன் குஞ்சுகளில் இரண்டே இரண்டு வளர்ந்து பெரிதாகிவிட்டால், தாய் தந்தையின் இடம் நிரம்பிவிடும். பாம்பு முட்டையைத் தின்றுவிட்டால் சில வாரங்களில் அந்தச் சோடி வேறு கிளையில் புதுக் கூடு கட்டும். தாய்க்குருவியே செத்தால் அப்படியில்லை. அது இனிமேல் கட்டியிருக்கக்கூடிய அத்தனை கூடுகளும் சேர்ந்து போகின்றன.

பூனையைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவும் சொன்னோம். பாம்பும் உடும்பும் இந்த மண்ணில் குருவிகளோடு காலங்காலமாக வாழ்ந்தவை. காட்டில் இரை குறைந்தால் அவற்றின் எண்ணிக்கையும் குறைந்துவிடும். பூனைக்கு அந்தக் கட்டுப்பாடு இல்லை. நாம் சோறும் கருவாடும் போடுகிறோம். குருவி கிடைக்காவிட்டாலும் அது பட்டினி கிடக்காது. வயிறு நிறைந்த பூனையும் வேட்டையாடும். வேட்டைப் புத்தி பசியோடு மட்டும் கட்டுண்டதன்று. அது பிடிப்பது பெரும்பாலும் தரையில் இரை பொறுக்கும் தாயையும், பறக்கப் பழகும் குஞ்சையும்தான்.

வெளியிலிருந்து வரும் வேட்டைக்காரன் என்ன செய்வான் என்பதற்குப் பசிபிக் கடலில் உள்ள குவாம் தீவு சாட்சி. இரண்டாம் உலகப் போருக்குப்பின் இராணுவச் சரக்குகளோடு ஒளிந்து வந்த பழுப்பு மரப்பாம்பு அங்கே பெருகியது. அந்தத் தீவுக் குருவிகள் மரமேறும் பாம்பையே அறியாதவை. அங்கு இயற்கையாக வாழ்ந்த 12 வகைக் காட்டுப் பறவைகளில் 10 வகை அந்தத் தீவின் காடுகளிலிருந்து மறைந்தன. நம் குருவிகளுக்குப் பாம்பு தெரியும். அதனால்தான் ஒன்று இலைக்குள் ஒளிகிறது, ஒன்று நுனிக்கொம்பில் தொங்குகிறது.

ஆகவே வேலியில் சாரைப்பாம்பைக் கண்டதும் கட்டையைத் தூக்க வேண்டாம் என்பது எங்கள் கருத்து. அது தின்னும் எலிகள் குருவி முட்டையையும் தின்பவை. நாகப்பாம்பு வீட்டருகே வந்தால் அது வேறு செய்தி. பிள்ளைகளை உள்ளே அழைத்துக்கொண்டு, 999க்குத் தொலைபேசி செய்து பொதுத் தற்காப்புப் படையினரை வரவழையுங்கள்.

எலி என்றதும் ஆந்தையைச் சொல்லாமல் போக முடியாது. இதய வடிவில் வெள்ளை முகம் கொண்ட கூகை அலறினால் சாவு வரும் என்று நம் பாட்டிமார்கள் சொல்லிவிட்டுப் போனார்கள். தீபகற்ப மலேசியாவில் இந்தக் கூகை முன்பு அரிய பறவை. அது இங்கே கூடு வைத்த முதல் பதிவு 1968ஆம் ஆண்டு நம் ஜொகூர் மாநிலத்தில்தான் கிடைத்தது. செம்பனை பரவியதும் எலி பெருகியது. எலியைத் தேடிக் கூகையும் பெருகியது. அதன் உணவு ஏறக்குறைய முழுவதும் எலியே. குஞ்சுகளோடு கூடிய ஒரு சோடி ஆண்டுக்கு ஆயிரத்துக்கு மேற்பட்ட எலிகளைத் தின்னும் என்று கணக்கிட்டிருக்கிறார்கள். செம்பனைக்கு நடுவே கம்பத்தின்மேல் மரப்பெட்டி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். அது இதற்காக வைத்த வீடு. கடுமையான எலி மருந்து தின்ற எலியைக் கூகை தின்றால் கூகையும் சாகும். 1980களில் புதுவகை மருந்துகள் வந்தபோது சில தோட்டங்களில் அப்படித்தான் நடந்தது. வீட்டில் கூட்டுப்பொறி வைத்தால் அந்தத் தொல்லை இல்லை. எலிப் பசையை மட்டும் வெளியில் வைக்காதீர்கள். அதில் மைனாவும் ஒட்டிக்கொண்டு துடிக்கும்.

இனி, வீட்டில் செய்யக் கூடியவை. காலை வெளுக்கும் நேரத்திலும் மாலை மயங்கும் நேரத்திலும் பூனையை உள்ளே வையுங்கள். கருத்தடை செய்துவிட்டால் தோட்டத்தில் அநாதைக் குட்டிகள் பெருகா. கூடுள்ள மரம் தனித்து நின்றால், அடிமரத்தில் ஆள் மார்பளவு உயரத்தில், இரண்டடி அகலத் தகரத்தைச் சுற்றிக் கட்டுங்கள். பூனையின் நகம் வழுக்கும். பக்கத்துக் கூரையையோ வேலியையோ தொடும் கிளை இருந்தால் தகரத்தால் பயனில்லை. செம்பருத்தி வேலியை வெட்டுவதைக் கூடு காலியாகும்வரை தள்ளிப் போடலாம். துண்டான வேலியில் கூடு காக்கையின் கண்ணுக்கு நேராக இருக்கும்.

மனிதனும் பட்டியலில் உண்டு. உண்டிவில்லோடு திரியும் பையனைவிட, கூண்டு வியாபாரத்துக்காகப் பாடும் பறவையைப் பொறிவைத்துப் பிடிப்பவர் செய்யும் கேடு பெரிது. பாராவ்-பாராவ் என்னும் வைக்கோல்தலைக் கொண்டைக்குருவி அதன் குரலுக்காகவே பிடிக்கப்பட்டு, ஜாவாவிலும் தாய்லாந்திலும் இல்லாமலே போய்விட்டது. 2018ஆம் ஆண்டு முதல் அது மிகக் கடுமையான அழிவு அபாயத்தில் உள்ள பறவைகளின் வரிசையில் இருக்கிறது. ஜொகூர்க் காடுகளில் இன்னும் சில பாடுகின்றன. மலேசியாவின் 2010ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் இதைப் பாதுகாக்கிறது.

கடைசியாக, பிள்ளைகள் கையில் ஏந்தி வரும் குஞ்சு. இறகு முளைக்காத குஞ்சு என்றால் கூட்டிலேயே திரும்ப வைக்கலாம். மனித வாடை பட்டால் தாய் ஒதுக்கிவிடும் என்பது வெறும் பேச்சு. இறகு முளைத்து, வால் மட்டும் குட்டையாக இருந்தால் அது விழுந்த குஞ்சன்று. பறக்கப் பழக இறங்கிய குஞ்சு. தாய் தந்தையர் பக்கத்து மரத்திலிருந்து கத்திக்கொண்டிருப்பார்கள். பெட்டியில் போட்டுச் சோறு ஊட்ட வேண்டியதில்லை. அருகிலுள்ள ஒரு செடியின் மேல் ஏற்றிவிட்டு, நான்கைந்து நாளைக்குப் பூனையை வெளியே விடாமல் பார்த்துக்கொண்டால் போதும்.