பூட்டு நம்முடையது, சாவி யாருடையது?

சிங்கப்பெருமாள் கோவில் இரயிலடியில் இறங்கி ஒரகடத்துக்குப் பேருந்து ஏறும் தோழர், முந்தின இரவு கைப்பேசியில் கூட்டாளிக்குக் கூலி உயர்வு பற்றி நாலு வரி எழுதியிருப்பார். டில்லிக்கு அதில் என்ன வேலை?

உண்டு என்கிறது, 2018 டிசம்பர் 20ஆம் நாள் உள்துறை ஆணை. எந்தக் கணினியையும் (சட்டத்தின் கண்ணில் கைப்பேசியும் கணினிதான்) வேவு பார்க்க 10 அமைப்புகளுக்கு அதிகாரம்! அனுமதிப்பவர் உள்துறைச் செயலாளர், சரிபார்ப்போரும் செயலாளர்களே. நீதிபதி? மருந்துக்கும் இல்லை. அந்தரங்கம் அடிப்படை உரிமை என 2017இல் உச்சநீதிமன்றத்தின் 9 நீதிபதிகள் ஒருமனதாகச் சொன்ன பிறகு இந்தக் கூத்து!

பொது நெருக்கடியோ பொதுப் பாதுகாப்போ இருந்தாலன்றி ஒட்டுக் கேட்காதே என்று வெள்ளையனின் 1885 தந்திச் சட்டமே வேலி போட்டிருந்தது. அந்த வேலியைத்தான் 2025 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் நினைவூட்டியது. 2008இல் திருத்திய கணினிச் சட்டத்தின் 69ஆம் பிரிவில் அந்த வேலி இல்லை. எந்தக் குற்ற விசாரணைக்கும் எட்டிப் பார்க்கலாமாம்!