பிறர் சுட்டும் பெருமை: தேடுபொறியின் தரவரிசையும் இணைப்புச் சான்றும்

ஒரு நூலின் தகுதியை அந்நூலே எடுத்துரைத்தல் சான்றாகாது. அதனைக் கற்ற பிறர் தம் நூலில் எடுத்தாளுதலே சான்றாகும். இது கற்றோர் நெடுங்காலமாகக் கைக்கொண்டுவரும் முறை. ஏட்டுச்சுவடிக் காலத்தோடு இம்முறை ஒழிந்துவிடவில்லை. இன்று மக்கள் யாதொன்றை அறிய வேண்டினும் முதற்கண் நாடுவது இணையத் தேடுபொறியையே. அளவிறந்த பக்கங்களுள் எதனை முதலிடத்தில் வைப்பது, எதனை ஒருவரும் எட்டிப்பாராத கடையிடத்தில் வைப்பது என்று அப்பொறி துணிதற்குத் துணைசெய்யும் கருவிகளுள், பிறர் எடுத்தாளுகை தொன்றுதொட்டுச் சிறப்பிடம் பெற்றுவருகின்றது.

ஒரு வலைப்பக்கத்திலிருந்து மற்றொன்றுக்குச் செல்ல அமைத்த வழியை இணைப்பு என்கிறோம். பிற பக்கங்களிலிருந்து ஒரு பக்கத்தை நோக்கி வரும் இணைப்பை அத்துறையினர் ‘பேக்லிங்க்’ என்பர். அதனைப் ‘பின்னிணைப்பு’ என மொழிபெயர்ப்பின், நூலின் இறுதியிற் சேர்க்கும் பகுதி எனப் பொருள் மயங்கும். ஆதலின் இக்கட்டுரையில் அதனைச் ‘சுட்டு’ என்றே வழங்குவாம். அ, இ, உ என்னும் சுட்டெழுத்துக்களைப் போல இதுவும் பிறிதொன்றைக் காட்டி நிற்றலின் அப்பெயர் பொருந்துவதே. இச்சுட்டுத் தேடுபொறியின் வரிசையை எங்ஙனம் ஆக்குகின்றது என்பதையும், மலையக மக்களாகிய நமக்கு அது யாது காரணத்தாற் பொருட்டாகின்றது என்பதையும் ஈண்டு ஆராய்வாம்.

தொடக்ககாலத் தேடுபொறிகள் பெரும்பாலும் பக்கத்தினுள் இருக்கும் சொற்களையே நம்பின. 1995ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்த அல்டாவிஸ்டா அத்தகையவற்றுட் புகழ்பெற்றது. ‘தேயிலை’ என்று ஒருவர் தேடினால், அச்சொல் எப்பக்கத்தில் எவ்விடத்தில் எத்துணை முறை வருகின்றது என்பதே பெரிதும் நோக்கப்பட்டது. இம்முறையின் குறை வெளிப்படை. தன் பக்கத்தில் ஒரே சொல்லை நூறுமுறை எழுதிவைத்தவன் முன்னே வந்தான். பொருளை உணர்ந்து ஒருமுறை எழுதியவன் பின்னே தள்ளப்பட்டான். தற்புகழ்ச்சியைச் சான்றாகக் கொண்டதன் விளைவு இதுவாம்.

இக்குறைக்கு மாற்றுத் தேடியவர்கள் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழக ஆய்வு மாணவராகிய லரி பேஜ், செர்ஜி பிரின் என்னும் இருவர். 1996இல் அவர்கள் தொடங்கிய தேடுபொறிக்கு இட்ட முதற்பெயர் ‘பேக்ரப்’ என்பது. பின்னின்று வரும் சுட்டுக்களை ஆராய்வதே அதன் தொழிலாதலின் அப்பெயர் அமைந்தது. அதுவே 1998இல் கூகிள் நிறுவனமாயிற்று. அவர்கள் வகுத்த கணிப்பு முறை ‘பேஜ்ராங்க்’ எனப்படும். அம்முறையை விளக்கும் ஆய்வறிக்கையில் அவ்விருவரோடு டெரி வினோகிராட் என்பாரும், கான்பூர் இந்தியத் தொழில்நுட்பக் கழகத்திற் பயின்ற ராஜீவ் மோட்வானி என்பாரும் ஆசிரியராவர். ஆய்வுக் கட்டுரைகள் ஒன்றையொன்று மேற்கோள் காட்டுதலை அளந்து அவற்றின் செல்வாக்கை அறியும் முறையை யூஜின் கார்பீல்ட் என்பார் 1955இலேயே முன்மொழிந்திருந்தார். நூலகத்துறையில் விளைந்த அக்கருத்தின் வழித்தோன்றலே இணையத்தின் தரவரிசை எனலாம்.

பேஜ்ராங்க் முறை சுட்டுக்களை வெறுமனே எண்ணுவதன்று. ஓர் எளிய எடுத்துக்காட்டாற் காண்பாம். கல்லூரி, நூலகம், சங்கம் என மூன்று பக்கங்களே உள்ள சிறிய இணையம் ஒன்றைக் கற்பனை செய்க. கல்லூரிப் பக்கம் நூலகத்தையும் சங்கத்தையும் சுட்டுகின்றது. நூலகம் சங்கத்தைச் சுட்டுகின்றது. சங்கம் கல்லூரியைச் சுட்டுகின்றது. ஒவ்வொரு பக்கமும் தன் மதிப்பைத் தான் சுட்டும் பக்கங்களுக்குச் சமமாகப் பகிர்ந்தளிக்கும் என்பது விதி. மூன்றன் மதிப்பும் சேர்ந்து 100 எனக் கொண்டு கணித்தால் கல்லூரிக்கு 40, நூலகத்துக்கு 20, சங்கத்துக்கு 40 என நிலைபெறும். கல்லூரி தன் 40ஐ 20, 20 ஆகப் பகிர, நூலகம் தான் பெற்ற 20ஐச் சங்கத்துக்கு ஈய, சங்கம் 40 பெற்று அதனை முழுதும் கல்லூரிக்கே அளிக்கின்றது. கணக்கு ஒத்துவருதல் காண்க.

இதில் ஊன்றி நோக்கத்தக்கது ஒன்றுண்டு. கல்லூரிக்கும் நூலகத்துக்கும் வரும் சுட்டு ஒவ்வொன்றே. ஆயினும் கல்லூரி நூலகத்தினும் இருமடங்கு மதிப்புப் பெற்றது. காரணம் யாது? கல்லூரியைச் சுட்டிய சங்கம் மதிப்பு மிக்கது. அது வேறெதனையும் சுட்டவில்லை. நூலகத்தைச் சுட்டிய கல்லூரியோ தன் மதிப்பை இரண்டாகப் பகிர்ந்துவிட்டது. எனவே எத்தனைபேர் சுட்டினர் என்பது மட்டுமன்றி, சுட்டினார் யார், அவர் இன்னும் எத்தனைபேரைச் சுட்டினார் என்பனவும் அளக்கப்படுகின்றன. உண்மைக் கணிப்பில் இன்னொரு திருத்தமும் சேரும். சுட்டுக்களின் வழியே செல்லும் வாசகன் சிலபோது சலிப்புற்றுத் தொடர்பில்லாத வேறொரு பக்கத்துக்குத் தாவுவான் எனக் கொண்டு, அதற்கு நூற்றுக்கு 15 பங்கு ஒதுக்குவர். அங்ஙனம் கணித்தால் மேற்கண்ட மதிப்புக்கள் ஏறத்தாழ 38.8, 21.5, 39.7 என மாறும்.

சுட்டின் பணி மதிப்பளித்தலோடு முடிவதன்று. வேறிரு பணிகளும் உள. ஒன்று, கண்டறிவித்தல். தேடுபொறியின் நிரல் ஒரு பக்கத்தைப் படித்து அதிலுள்ள சுட்டுக்களின் வழியே அடுத்த பக்கத்தை அடைகின்றது. ஒருவராலும் சுட்டப்படாத பக்கம் பாதையில்லாத லயத்தைப் போன்றது. அங்கே ஆள் இருப்பதே வெளியாருக்குத் தெரியாது. மற்றொன்று, பெயர்கூறல். சுட்டு எச்சொற்களின்மேல் அமைக்கப்படுகின்றதோ அச்சொற்களைக் கொண்டும், சுட்டப்படும் பக்கம் எதனைப் பற்றியது எனப் பொறி உணர்கின்றது. ‘இங்கே அழுத்துக’ என்பதன்மேல் அமைத்த சுட்டு ஒன்றும் உணர்த்தாது. ‘அப்புத்தளைத் தோட்டப் பாடசாலைகளின் வரலாறு’ என்பதன்மேல் அமைத்தால் பொருள் விளங்கும். நம் ஊர்ப்பெயர்கள் அப்புத்தளை என்றும் ஹப்புத்தளை என்றும், மீரியபெத்தை என்றும் மீரியபெத்த என்றும் பலவாறு எழுதப்படுதலின், இது நமக்குச் சிறப்பாக வேண்டப்படுவது.

சான்று சான்றாதற்குச் சாட்சி தற்சார்பற்றவனாதல் வேண்டும். சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தில் முதற்பட்டம் பெற்ற கிருஷ்ண பரத் என்பார் ஜோர்ஜ் மிஹைலாவோடு சேர்ந்து வகுத்த ‘ஹில்டொப்’ முறை இதனை நன்கு வற்புறுத்தியது. ஒரு துறையில் தேர்ந்த பக்கங்கள் சுட்டும் சுட்டுக்களையே அது பெரிதாக எண்ணியது. ஒரே குழுவைச் சார்ந்த இரு தளங்களின் கூற்றை இரு சாட்சிகளாகக் கொள்ள மறுத்தது. உறவினர் பத்துப்பேர் கூறினும் அயலார் ஒருவர் கூற்றுக்கு ஈடாகாது என்னும் ஊர்வழக்கே இங்குக் கணிதமாயிற்று.

எனினும், மதிப்புள்ள எதுவும் சந்தைக்கு வந்துவிடுதல் உலகியல்பு. தோட்டப்புறத்தார்க்கு இதனை விளக்கப் பழைய ‘துண்டு’ முறை ஒன்றே அமையும். கங்காணி ஒருவர் தம் கூட்டத்தோடு வேறு தோட்டம் புக விரும்பின், இன்ன தொகைக் கடன் தீர்க்கப்படின் விடுவிப்போம் எனத் துரை எழுதிக்கொடுத்த சீட்டே துண்டு எனப்பட்டது. உள்ள கடனை அறிவிக்க எழுந்த அச்சீட்டு, நாளடைவில் தோட்டந்தோறும் காட்டி விலைபேசப்படும் சரக்காயிற்று. முற்பணம் ஏறியது, ஏறிய கடனின் சுமை தொழிலாளியின் தலையில் விழுந்தது. 1921இல் அம்முறை சட்டத்தால் ஒழிக்கப்பட்டது.

இணையச் சுட்டும் இவ்வாறே விலைப்பொருளாயிற்று. அமெரிக்க வணிக நிறுவனமாகிய ஜே. சி. பென்னி, ஆடை முதலிய பல பொருள்களின் தேடலில் முதலிடம் பெற்றமைக்குத் தொடர்பற்ற ஆயிரக்கணக்கான பக்கங்களில் இடப்பட்ட சுட்டுக்கள் காரணமென 2011 பெப்ரவரியில் நியூயோர்க் டைம்ஸ் வெளிப்படுத்தியது. தான் அதற்கு இசைவளிக்கவில்லை என அந்நிறுவனம் மறுத்தது. ஆயினும் கூகிள் அதனைப் பின்னிடத்துக்குத் தள்ளியது. 2012 ஏப்ரலில் ‘பெங்குயின்’ என்னும் திருத்தம் வந்தது. விலைக்கு வாங்கிய சுட்டுக்களையும், ஒருவரையொருவர் சுட்டுவதாக உடன்பட்டுப் பெருக்கிய சுட்டுக்களையும் நம்பிய தளங்கள் பல அதனால் வீழ்ந்தன. பொய்ச்சான்று நெடுநாள் நில்லாது என்பதற்கு இவை போதும்.

இனித் தமிழுக்கு வருவாம். சுட்டின் ஆற்றலைத் தமிழர் போல் உணர்ந்தோர் அரியர் எனல் மிகையன்று. வளையாபதியும் குண்டலகேசியும் முழுநூலாக நமக்குக் கிட்டவில்லை. உரையாசிரியர் மேற்கோளாக எடுத்தாண்டமையாலும், புறத்திரட்டு முதலிய தொகைநூல்களில் இடம்பெற்றமையாலுமே அவற்றின் செய்யுட்கள் சில எஞ்சின. எடுத்தாளப்பெறாத நூல்கள் பெயருமின்றி மறைந்தன. ஆனால் உரையாசிரியர் பலர் செய்யுளைக் காட்டினரே அன்றி, அஃது எந்நூலது என்பதைப் பலவிடத்துக் கூறாது விடுத்தனர். சி. வை. தாமோதரம்பிள்ளை, உ. வே. சாமிநாதையர் போன்ற பதிப்பாசிரியர்கள் பழைய உரைகளைப் பதிப்பித்தபோது, பெயர் சுட்டாத மேற்கோள்களின் இடம் காண்டல் பெரும்பணியாயிற்று. எடுத்தாளுதல் வேறு, சுட்டுதல் வேறு. இன்றும் தமிழில் ஒருவர் எழுதியதை மற்றொருவர் முழுமையாகப் பெயர்த்தெழுதி, மூலப்பக்கத்தைச் சுட்டாது விடுதல் காண்கிறோம். அதனால் மூலம் மறைகின்றது, படியே முன்னிற்கின்றது.

இப்பொழுது நம் ஊரையே நோக்குக. 1890இல் தோமஸ் லிப்டன் அமைத்த தம்பேத்தன்னைத் தேயிலைத் தொழிற்சாலையையும், அவர் அமர்ந்து தோட்டங்களைப் பார்த்ததாகச் சொல்லப்படும் ‘லிப்டன் சீட்’ முகட்டையும் உலகெங்குமுள்ள பயணப் பக்கங்கள் சுட்டுகின்றன. 1931இல் சேர் தோமஸ் வில்லியர்ஸ் கட்டிய அடிசம் மாளிகையும் அவ்வாறே. இதிற் குறைகூற ஒன்றுமில்லை. 2014 ஒக்டோபர் 29ஆந் திகதி கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்கள் புதையுண்டபோது, உலகச் செய்தித்தளங்கள் நம் மக்களையும் சுட்டின. ஆகவே அயலார் சுட்டினால் நம் நாடு ஒன்றில் காட்சிப்பொருளாகும். அன்றேல் துயரச் செய்தியாகும். அச்சரிவிலே தலைமுறை தலைமுறையாய் வாழ்ந்தோரின் பள்ளிக்கூடம், கோயில், காமன்கூத்து, தொழிற்சங்க வரலாறு, பாட்டு ஆகியவற்றை அயலார் அறியார். அறியாததை அவர் சுட்டுதலும் இயலாது. அவற்றைச் சுட்டவேண்டியவர் நாமே. நாம் சுட்டாதுவிடின், நம் பிள்ளை தன் ஊரின் பெயரைத் தேடுங்கால் விடுதியறையின் வாடகையையே காண்பான்; தன் பாட்டனைக் காணான்.

சுட்டுதற்குப் பொருளில்லை என்பாரும் உளர். அது பொருந்தாது. ஈழத்துத் தமிழ் ஆவணங்களை எண்ணிமப்படுத்தும் நூலகம் என்னும் முயற்சி 2005இல் தொடங்கியது. மலையக நூல்களும் இதழ்களும் அதில் உள. 1998இல் மதுரைத் திட்டமும், 2003இல் தமிழ் விக்கிப்பீடியாவும் தோன்றின. சி. வி. வேலுப்பிள்ளை (1914–1984) போன்ற மலையக எழுத்தாளர்களைப் பற்றி எழுதுவோர், மூலநூல் எண்ணிம வடிவில் உள்ளதாயின் அப்பக்கத்தையே சுட்டலாம்.

ஈண்டு ஒரு நுட்பம் அறியற்பாலது. விக்கிப்பீடியாவிலிருந்து வெளித்தளங்களுக்குச் செல்லும் சுட்டுக்களில், ‘இதனை மதிப்பாகக் கொள்ளற்க’ எனப் பொறிக்கு உணர்த்தும் ‘நோபாலோ’ என்னும் குறி 2007 முதல் இடப்படுகின்றது. விளம்பரக்காரரைத் தடுத்தற்கு 2005இல் எழுந்த குறி அது. 2019இல் கூகிள் அதனைக் கட்டளையாகக் கொள்ளாது குறிப்பாகவே கொள்வதாக அறிவித்தது. எனவே விக்கிப்பீடியாவிற் சேர்த்துவிட்டோம் என அமைதல் போதாது. கல்லூரித் தளம், பழைய மாணவர் சங்கத் தளம், கோயிற்றளம், கடல்கடந்து வாழ்வோரின் தளம் எனத் தற்சார்பற்ற பல இடங்களிலிருந்து சுட்டுக்கள் வருதல் வேண்டும்.

சுட்டு ஒன்றே வரிசையை ஆக்குவதன்று என்பதையும் மறத்தலாகாது. பக்கத்தின் பொருட்செறிவு, தேடுவோர் கருத்துக்கு அது பொருந்துமாறு, மொழி, புதுமை எனப் பல இன்று நோக்கப்படுகின்றன. கூகிள் தன் தரவரிசை முறைகளை விளக்கி வெளியிட்ட பட்டியலில் பேஜ்ராங்க் இன்னும் இடம்பெறுகின்றது. ஆயினும் அது பல உறுப்புக்களுள் ஒன்றே. உள்ளீடற்ற பக்கத்தை எத்துணைபேர் சுட்டினும் பயனின்று. முதலில் எழுதுதல் வேண்டும், பின்னரே சுட்டுதல்.

ஆகவே, கற்றார் கடமை மூன்றாக முடியும். இம்மலரைப் போன்ற ஆண்டு மலர்களில் வரும் கட்டுரைகளை அலுமாரியில் அடைத்துவைக்காது இணையத்திலும் ஏற்றுதல் ஒன்று. ஏற்றியதைத் தகுதி நோக்கிப் பொருள் விளங்கும் சொற்களாற் சுட்டுதல் இரண்டு. விலைக்கும் முகமனுக்கும் சுட்டாமை மூன்று. மாணவர் ஒருவர் தம் கட்டுரையின் அடியில் மூலத்தை நேர்மையுடன் சுட்டுங்கால், மதிப்பெண்ணுக்காக ஒரு விதியை நிறைவேற்றுவதோடு நின்றுவிடுகிறாரல்லர். அம்மூலம் அடுத்த தலைமுறையின் கண்ணிற் படுமாறு ஒரு சாட்சி பகர்கின்றார். தேடுபொறி நடுவன் அன்று. சாட்சிகளைத் தொகுக்கும் எழுத்தனே. சாட்சி கூற நாம் முன்வாராதபோது, தீர்ப்பு நமக்கு மாறாயிற்று என நோதலாற் பயனில்லை.