எச்.ஐ.வி.யும் முதுமையும்: தேகப்பயிற்சியின் துணை

கொடிய நோயொன்று மருந்துக்கு அடங்கிய பின்னர், அதனோடு வாழ்பவரின் உள்ளத்தில் புதியதொரு கவலை தோன்றுகின்றது. எத்தனை நாள் உயிரோடிருக்க முடியும் என்று ஏங்கியவர், இருக்கும் நாளெல்லாம் பிறர் கையைப் பிடியாது நடமாட முடியுமா என்று எண்ணத் தொடங்குகின்றார். எச்.ஐ.வி. எனப்படும் நிர்ப்பீடனக் குறைபாட்டு வைரசோடு நெடுங்காலம் வாழ்ந்து முதுமையை அடைந்தோரின் நிலை இன்று இதுவே.

இந்நிலை எவ்வாறு உண்டாயிற்று என்பதை அறிதல் நன்று. 1981ஆம் ஆண்டு ஜூன் மாதம் 5ஆந் திகதி, லொஸ் ஏஞ்சல்ஸ் நகரில் ஐந்து இளைஞரைப் பீடித்த அபூர்வமான நுரையீரல் நோய் பற்றிய குறிப்பு அமெரிக்காவில் வெளியாயிற்று. எயிட்ஸ் நோயைப் பற்றி உலகறிய வெளிவந்த முதற் குறிப்பு அதுவே. 1983ஆம் ஆண்டில் பாரிஸ் நகரின் பாஸ்டர் நிலையத்து அறிஞர்கள் அதற்குக் காரணமான வைரசைக் கண்டனர். 1987ஆம் ஆண்டில் முதல் மருந்து வந்தது. எனினும், பல மருந்துகளை ஒருங்கே கொடுக்கும் முறை 1996ஆம் ஆண்டளவில் நடைமுறைக்கு வந்த பின்னரே மரணத்தின் பிடி தளர்ந்தது. அன்று இளைஞராயிருந்து உயிர் பிழைத்தோர் இன்று முதியோர். ஐக்கிய அமெரிக்காவில் இவ்வைரசு உடையோரென அறியப்பட்டவருள் பாதிக்கு மேற்பட்டோர் 2018ஆம் ஆண்டிலேயே 50 வயதை எட்டியிருந்தனர்.

மருந்து வைரசை அடக்குகின்றது; ஆனால் உடலிலிருந்து அதனை முற்றாக அகற்றுவதில்லை. குருதியிற் கண்டறிய முடியாத அளவுக்கு அது ஒடுங்கிய பின்னரும், உடலின் காவற் கலங்கள் முழு அமைதி அடைவதில்லை. அணைந்த அடுப்பிற் கனன்றுகொண்டிருக்கும் தணல் போல, மெல்லிய அழற்சி நீடிக்கின்றது. இதனால் இருதயமும் குருதிக் குழாய்களும் பாதிப்படைய இடமுண்டு. முற்காலத்து மருந்துகள் சிலவும் தம் சுவடுகளை விட்டுச் சென்றுள்ளன. அவை கலங்களுக்குச் சக்தியளிக்கும் இழைமணிகளைப் பழுதாக்கின. கால் நரம்புகளைத் தாக்கி, எரிவையும் விறைப்பையும் உண்டாக்கின. வேறு சில மருந்துகள் என்பின் அடர்த்தியைக் குறைத்தன. ஆகவே தசை மெலிதலும், என்பு நலிதலும், நடை தளர்தலும் இவர்களிடத்திற் காலத்துக்கு முன்னரே தோன்றக்கூடும். மெலிந்த தசையும் நலிந்த என்பும் ஒன்றுசேர்ந்தால், குளியலறையிற் கால் வழுக்குவதொன்றே ஒருவரைப் படுக்கையில் வீழ்த்தப் போதுமானது.

நோயாளிக்கு ஓய்வே உகந்தது என்பது பழைய எண்ணம். உடலை வருத்தினால் எஞ்சியுள்ள நிர்ப்பீடன சக்தியும் குன்றிவிடும் என்று ஒரு காலத்திற் பலர் அஞ்சினர். அவ்வச்சம் ஆதாரமற்றது என்பதை ஆராய்ச்சிகள் காட்டின. கனடா நாட்டைச் சேர்ந்த கெலி ஓ பிரையன் என்னும் இயன்மருத்துவ அறிஞரும் அவரைச் சார்ந்தோரும் பல ஆய்வுகளைத் திரட்டி மதிப்பிட்டனர். ஒரு வேளைக்கு 20 நிமிடங்களுக்குக் குறையாமல், வாரத்துக்கு மூன்று முறையேனும், ஐந்து வாரங்களாவது செய்யும் பயிற்சி, நோய் நிலை சீராக உள்ளோருக்குத் தீங்கற்றதெனத் தோன்றுகின்றது என்பதும், அது உடல் வலுவையும் மன நலனையும் பெருக்கக் கூடும் என்பதும் அவர்களின் முடிபுகளாகும்.

முதியோரைப் பற்றி மட்டும் தனியாக ஆராய்ந்தவர்களுள் கொலராடோப் பல்கலைக்கழகத்து வைத்தியர் கிறிஸ்டின் எர்லன்ட்சனும் அவர்தம் குழுவினரும் குறிப்பிடத்தக்கவர். 50 முதல் 75 வயது வரையுள்ள, உடலுழைப்புக் குறைந்த இரு சாராரை அவர்கள் தெரிந்தெடுத்தனர். ஒரு சாரார் எச்.ஐ.வி. உடையோர், மறு சாரார் அஃது இல்லாதோர். இரு சாராரும் பயிற்றுநரின் கண்காணிப்பில் 24 வாரங்கள் பயின்றனர். முதல் 12 வாரங்கள் யாவருக்கும் மிதமான பயிற்சியே. அதன் பின்னர் சிலர் மிதமாகவே தொடர, ஏனையோர் கடுமையான பயிற்சிக்கு உயர்த்தப்பட்டனர். 2018ஆம் ஆண்டில் வெளிவந்த முடிவுகளின்படி, இரு சாராரும் முன்னேறினர். சில அளவைகளில் எச்.ஐ.வி. உடையோரின் முன்னேற்றம் மற்றவரினும் மிக்கதாயிருந்தது. அவர்களுட் கடும் பயிற்சி செய்தோர் கூடிய வலுப் பெற்றனர்; அதனால் அவர்களின் நோவோ களைப்போ மிகவில்லை. இழந்த வலுவை முதுமையிலும் மீட்கலாம் என்னும் நம்பிக்கைக்கு இது தக்க ஆதாரம்.

இங்கே "கண்காணிப்பில்" என்ற சொல்லே முக்கியமானது. பயிற்றுநர் முதலில் வந்தவரின் உடல்நிலையை அளந்தறிகின்றார். ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கின்றார், கையூன்றாமற் கதிரையிலிருந்து எத்தனை முறை எழுகின்றார், கைப்பிடியின் வலு எவ்வளவு என்பன போன்ற எளிய சோதனைகள் அவருக்கு உதவுகின்றன. இருதய நோய்க்கும் குருதியமுக்கத்துக்கும் உரிய அறிகுறிகள் உண்டெனில் வைத்தியரின் ஆலோசனை பெறப்படும். பின்னர் உடலைச் சூடேற்றும் மெல்லசைவுகள், நடை அல்லது மிதிவண்டிப் பயிற்சி, பாரம் தூக்கல், சமநிலைப் பயிற்சி என்று ஒன்றன்பின் ஒன்றாக நிகழும். பேசக்கூடிய அளவுக்கு மூச்சு இருந்தால் முயற்சி மிதமானது. ஓரிரு சொல்லுக்கே மூச்சு வாங்கினால் அது கடுமையானது. பாரம் தூக்கும்போது மூச்சை அடக்காதிருக்கவும், நெஞ்சு நொந்தால் உடனே நிறுத்தவும் பயிற்றுநர் கற்பிக்கின்றார். கால் விறைப்புள்ளவருக்குத் தக்க பாதணியும், பாதத்திற் புண் உண்டா என்று நாள்தோறும் பார்க்கும் வழக்கமும் அவசியம்.

இலண்டன் மாநகரின் செல்சீ வெஸ்ட்மின்ஸ்டர் வைத்தியசாலையில், இயன்மருத்துவர் வழிநடத்தும் இத்தகைய வகுப்பொன்று கோப்ளர் வகுப்பு என்ற பெயரால் உருவாயிற்று. வாரத்துக்கு இருமுறை, பத்து வாரங்கள் என்னும் ஒழுங்கில், பயிற்சியும் ஆரோக்கியக் கல்வியும் அங்கே இணைத்து அளிக்கப்பட்டன. இத்தகைய வகுப்பில் உடல் பெறும் நன்மையோடு உள்ளம் பெறும் நன்மையும் உண்டு. நோயை மறைத்து மறைத்துத் தனிமைப்பட்டவர், எதையும் மறைக்க வேண்டாத ஓர் இடத்திற்குச் செல்கின்றார். நண்பர் பலரை இளமையிலே இழந்தவருக்குத் தம்மையொத்த முதியோரின் கூட்டுறவு கிட்டுகின்றது.

பொதுப் பயிற்சிக்கூடங்களுக்கு இவர்கள் செல்லத் தயங்குவதற்கு அயலாரின் அறியாமையும் ஒரு காரணமாகும். இவ்வைரசு வியர்வையாற் பரவுவதில்லை. தொடுகையாலும், ஒருவர் பிடித்த கருவியை மற்றொருவர் பிடிப்பதாலும் பரவுவதில்லை. எனவே எச்.ஐ.வி. உடையவர் அருகில் நின்று பயிற்சி செய்வதால் எவருக்கும் அது தொற்றாது. இவ்வுண்மையை ஊரார் உணர்வது, நோயாளிக்கு மருந்து கிடைப்பதைப் போன்றே இன்றியமையாதது.

இனி, தீராத பிரச்சினை ஒன்றும் உண்டு. வகுப்பு முடிவடைந்த பின்னர் என்ன செய்வது? தேடிய வலு, பயிற்சியைக் கைவிட்டால் சில மாதங்களிற் குறைந்துவிடும். நாள் குறித்துக் காத்திருக்கும் பயிற்றுநரும், வரவில்லையே என்று விசாரிக்கும் தோழரும் இல்லாதவிடத்து, ஊக்கம் தளர்வது மனித இயல்பு. ஆதலால் நல்ல பயிற்றுநர், முதல் நாளிலிருந்தே தாம் இல்லாத நாளுக்கு மாணவரை ஆயத்தம் செய்கின்றார். வீட்டுக் கதிரையையும் படிக்கட்டையும், தண்ணீர் நிரம்பிய போத்தலையும் பயிற்சிக் கருவிகளாக்கக் கற்பிக்கின்றார். மாலையில் உடன் நடப்பதற்கு ஒரு துணையைத் தேடிக்கொள்ளச் சொல்கின்றார்.

மருந்து ஆயுளை நீட்டித் தந்துவிட்டது. அவ்வாறு நீண்ட ஆயுளிற் கடைக்குச் சென்று வரவும், படியேறவும், பேரப்பிள்ளையைத் தூக்கவும் வேண்டிய வலுவை மாத்திரை மட்டும் தந்துவிடாது. அதனை அவரவர் தசைகளே உழைத்துத் தேட வேண்டும். அந்த உழைப்பிற்கு வழிகாட்டும் ஒருவரை அருகே நிறுத்துவது, நீண்ட ஆயுளைத் தந்த வைத்தியத் துறை இனிச் செய்யவேண்டிய கடமையாகும்.