மணியோசை வரும் முன்னே

‘யானை வரும் பின்னே, மணியோசை வரும் முன்னே’ என்பது நம் நாட்டுப் பழமொழி. மணியோசை கேட்டவுடன் வழியைவிட்டு ஒதுங்குபவர் பிழைப்பார். மணியின் நாவைக் கட்டிவிட்டு நடுத்தெருவில் நிற்பவரின் கதி என்னவாகும்? இக்காலத்தில் சில இல்லங்களின் கூடத்தில் இவ்வாறு ஓசை எழுப்பி எச்சரிக்கும் சிறு பெட்டி ஒன்று இருக்கிறது. அவ்வோசையின் பொருள் யாது, அதைக் கேட்டவுடன் நாம் செய்ய வேண்டுவன யாவை என்பதை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

அப்பெட்டியை ‘நாஸ்’ என்பர். வீட்டிலுள்ள கணிப்பொறிகளுக்கும் கைப்பேசிகளுக்கும் பொதுவான சேமிப்பறை அது. ரவுட்டருடன் ஒரு கம்பியால் இணைக்கப்பட்டு இரவும் பகலும் ஓடிக்கொண்டிருக்கும். அதனுள்ளே இரண்டோ நான்கோ ஹார்டு டிஸ்குகள், அதாவது வன்தட்டுகள், சிறு இழுப்பறைகளில் பொருத்தப்பட்டிருக்கும்.

சென்ற மழைக்காலத்தில் எங்களுள் ஒருத்தியின் இல்லத்தில் இத்தகைய பெட்டி ‘பீப், பீப்’ என ஒலிக்கத் தொடங்கியது. தந்தையார் வெளியூரில் பணிபுரிகிறார். படிப்புக்கு இடையூறாக இருக்கிறதே என்று எண்ணி, ஓசையை நிறுத்தும் பொத்தானை அவளே அழுத்திவிட்டாள். படங்கள் வழக்கம்போலத் திறந்தன. எனவே வீட்டார் அதை மறந்தனர். ஏழு வாரங்கள் கழித்து மீண்டும் ஓசை! இம்முறை சில படங்கள் திறக்க மறுத்தன. அப்பெட்டியில் இருந்தவை எவை தெரியுமா? பெற்றோரின் திருமணப் படங்கள், தங்கையின் புதுநன்மை விழாப் படங்கள், மறைந்த பாட்டியார் கதை சொல்லும் குரல்பதிவுகள். மறுநாள் அவள் கண்கலங்கி வகுப்பில் நின்றபோதுதான், நாங்கள் நால்வரும் கணிப்பொறி ஆசிரியையின் துணையுடன் இதைப்பற்றிக் கற்கத் தொடங்கினோம். கற்றதைத் தோழியர் அனைவருடனும் பகிர்ந்துகொள்கிறோம்.

வன்தட்டு ஏன் பழுதாகிறது?

வன்தட்டு ஓர் இயந்திரம். அதனுள்ளே பளபளப்பான வட்டத் தகடுகள் நிமிடத்துக்கு 5400 அல்லது 7200 முறை சுழல்கின்றன. 7200 என்றால் வினாடிக்கு 120 சுற்றுகள்! எழுதவும் படிக்கவும் பயன்படும் முனை, தகட்டைத் தொடாமல், தலைமயிரின் தடிமனைவிடப் பன்மடங்கு குறைந்த இடைவெளியில் மிதக்கிறது. இவ்வளவு நுட்பமான இயந்திரத்துக்குத் தேய்மானம் இல்லாமலிருக்குமா?

தகட்டின் பரப்பு ‘செக்டர்’ எனப்படும் சிறு கட்டங்களாகப் பிரிக்கப்பட்டுள்ளது. ஒரு கட்டம் கெட்டால், வன்தட்டு அதை ஒதுக்கிவிட்டு, முன்பே மிச்சம் வைத்திருக்கும் கட்டங்களுள் ஒன்றைப் பயன்படுத்திக்கொள்ளும். நோட்டுப் புத்தகத்தில் ஒரு தாள் கிழிந்தால், கடைசிப் பக்கங்களில் எழுதிவிட்டுப் பொருளடக்கத்தில் குறித்துக்கொள்கிறோம் அல்லவா? அதுபோலவே இதுவும். கடைசிப் பக்கங்கள் தீரத் தீர ஆபத்து நெருங்குகிறது என்பதே பொருள்.

ஒன்று போனால் மற்றொன்று

1988-ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெர்க்லி நகரிலுள்ள கலிபோர்னியப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த பேட்டர்சன், கிப்சன், கட்ஸ் என்னும் மூவர் ஓர் ஆய்வுக் கட்டுரை வெளியிட்டனர். விலை மிகுந்த ஒரே பெரிய வட்டுக்குப் பதிலாக, மலிவான பல வட்டுகளை ஒன்றுசேர்த்து, ஒன்று பழுதானாலும் செய்தி அழியாதவாறு காக்கலாம் என்பது அவர்கள் கருத்து. இம்முறைக்கு ‘ரெய்டு’ என்று பெயர்.

இரு வட்டுகளில் ஒரே செய்தியை எழுதுவது ஒரு வகை. கண்ணாடியும் பிம்பமும் போன்றது இது. மூன்று வட்டுகள் இருந்தால் வேறொரு வழியுண்டு. முதல் வட்டில் 7, இரண்டாவதில் 5, மூன்றாவதில் கூட்டுத்தொகை 12 என்று வைத்துக்கொள்வோம். இரண்டாவது வட்டு போய்விட்டால், 12-இலிருந்து 7-ஐக் கழித்து 5-ஐ மீட்கலாம். உண்மையில் நடப்பது கூட்டல் அன்று, அதையொத்த ஒரு கணக்கு. ஆயினும் தத்துவம் இதுவே. இங்கு இரண்டு வட்டுகள் போனால் கணக்கு தீராது.

எங்கள் தோழியின் பெட்டியில் இருந்தவை இரண்டு வட்டுகள். முதல் ஓசையின்போதே ஒரு வட்டு மடிந்துவிட்டது. மற்றொன்று ஏழு வாரங்கள் தனியே பாரம் சுமந்து, பிறகு தானும் தளர்ந்தது. படங்கள் திறந்தன என்பதால் நலம் என்று எண்ணியதே பிழை.

குறிப்பேடு கூறும் செய்தி

வன்தட்டு தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கிறது. இதற்கு ‘ஸ்மார்ட்’ என்று பெயர். நாஸ் பெட்டியின் நிருவாகப் பக்கத்தில், வட்டுகள் பற்றிய பகுதியில் இதைக் காணலாம். எண்கள் பல இருப்பினும் நாம் அறிய வேண்டியவை சிலவே. 5 என்னும் வரிசை எண், ஒதுக்கிவிட்டு மாற்றப்பட்ட கட்டங்களைக் குறிக்கும். 197 என்பது படிக்க இயலாமல் முடிவுக்குக் காத்திருப்பவை. 198 என்பது சோதனையில் திருத்தவே இயலாதவை. இவை மூன்றும் சுழியமாக இருப்பதே நலம். இவை நாளுக்கு நாள் ஏறினால் வட்டை மாற்றியாக வேண்டும்.

199 மட்டும் வேறு வகை. வட்டுக்கும் பெட்டிக்கும் இடையே செய்தி செல்லும்போது நேர்ந்த பிழைகளின் எண்ணிக்கை அது. பெரும்பாலும் இணைப்பு தளர்ந்திருப்பதே காரணம். முறைப்படி பெட்டியை நிறுத்தி, தூசு துடைத்து, வட்டை மீண்டும் நன்கு பொருத்தினால் சரியாகிவிடக்கூடும். பழைய எண் அழியாது. மேலும் ஏறாமலிருந்தால் போதும்.

2007-இல் கூகுள் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட வன்தட்டுகளை ஆராய்ந்தனர். பரப்புச் சோதனையில் முதற்பிழை தோன்றிய வட்டு அடுத்த 60 நாட்களுக்குள் பழுதாகும் வாய்ப்பு, பிழையற்ற வட்டைவிட 39 மடங்கு அதிகம் எனக் கண்டனர். பழுதான வட்டுகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, எந்த எச்சரிக்கையும் காட்டாமலேயே பழுதாயின என்பதையும் கண்டனர். ஆகவே எச்சரிக்கை வந்தால் அதை நற்பேறு என்றே கொள்ளவேண்டும். அது நமக்குத் தரப்பட்ட அவகாசம்!

செய்ய வேண்டுவன

முதலாவது, பதற்றத்தில் எந்த வட்டையும் உருவக்கூடாது. மின்விசையைச் சட்டென்று நிறுத்தவும் கூடாது. திரையில் தோன்றும் வாசகத்தையும் வட்டின் எண்ணையும் தேதியிட்டு எழுதிக்கொள்ள வேண்டும்.

இரண்டாவது, திரும்பப் பெற இயலாதவற்றை உடனே வேறொரு வட்டில் நகலெடுக்க வேண்டும். ஆராய்ச்சியெல்லாம் அதன் பிறகே. திரைப்படத்தை மறுபடி வாங்கலாம்; பாட்டியின் குரலை எந்தக் கடையில் வாங்குவது? வட்டிலிருந்து ‘டக், டக்’ எனத் தட்டும் ஓசை கேட்டால் மட்டும் நகலெடுக்க முயலாமல், பெட்டியை முறைப்படி நிறுத்தி வல்லுநரிடம் கொண்டுசெல்வதே நன்று.

மூன்றாவது, குறிப்பேட்டைப் பார்த்து, நீண்ட சோதனையை நடத்த வேண்டும். இதற்குப் பல மணி நேரம் ஆகும். அதில் வட்டு தேறாவிட்டால் தயங்காமல் மாற்றிவிட வேண்டும்.

நான்காவது, எடுக்கப்போகும் வட்டு எது என்பதை அதன் மேல் அச்சிட்டுள்ள வரிசை எண்ணைக் கொண்டு உறுதிசெய்ய வேண்டும். நல்ல வட்டைத் தவறாக உருவிவிட்டால் வந்த துன்பம் இருமடங்காகும். புதிய வட்டு பழையதற்குச் சமமான அல்லது அதைவிடக் கூடுதலான கொள்ளளவு உடையதாக இருக்கட்டும்.

ஐந்தாவது, புதிய வட்டில் செய்தி மீண்டும் எழுதப்படும்வரை பொறுமை காக்க வேண்டும். வினாடிக்கு 150 மெகாபைட் வேகத்தில் எழுதினாலும், 4 டெராபைட் வட்டு நிறைய ஏழு மணி நேரத்துக்கு மேலாகும். அப்போது எஞ்சியுள்ள வட்டு தொடக்கம் முதல் இறுதிவரை படிக்கப்படுகிறது. தளர்ந்த வட்டாயின் அச்சுமையிலேயே வீழ்ந்துவிடலாம். முதலில் நகலெடுக்கச் சொன்னதன் காரணம் இப்போது விளங்குகிறதல்லவா?

தோழியின் இல்லத்தில்

நாங்களும் இம்முறையையே பின்பற்றினோம். வெளி வன்தட்டு ஒன்றை இரவல் வாங்கி, முதலில் பாட்டியாரின் குரலை நகலெடுத்தோம். முதற்பதிவு முழுமையாக ஒலித்தபோது தோழியின் தாயார் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டார்கள். அடுத்து திருமணப் படங்கள், பிறகு மற்றவை. இரவு ஒன்பது மணிக்கு வேலை முடிந்தது. தங்கையின் புதுநன்மைப் படங்களில் பன்னிரண்டு மட்டும் எவ்வளவு முயன்றும் திறக்கவில்லை. முதல் ஓசையன்றே ஒரு புதிய வட்டைப் பொருத்தியிருந்தால் அவையும் இன்று இருந்திருக்கும். “ஓசையை அல்லவா நிறுத்தினேன், பழுதை நிறுத்தவில்லையே!” என்றாள் தோழி. அச்சொல்லை நாங்கள் மறக்கவில்லை.

இப்போது அவ்வீட்டில் இரண்டு புதிய வட்டுகள் ஓடுகின்றன. ‘ரெய்டு’ நகலுக்கு ஈடாகாது என்பதையும் அவர்கள் அறிவர். தவறுதலாக அழித்த படம் இரு வட்டுகளிலிருந்தும் ஒரே நொடியில் அழிந்துவிடும். திருட்டும் வெள்ளமும் இரண்டையும் சேர்த்தே கொண்டுபோகும். எனவே மூன்று பிரதிகள், இரு வகைச் சாதனங்களில், ஒன்றேனும் வேறிடத்தில் என்னும் விதியைக் கைக்கொண்டுள்ளனர். ஒரு பிரதி அத்தை வீட்டு அலமாரியில் இருக்கிறது. மின்தடையின்போது பெட்டி திடீரென்று நின்றுவிடாதிருக்க யு.பி.எஸ். வைத்துள்ளனர். எச்சரிக்கைகள் தந்தையாரின் மின்னஞ்சலுக்கும் செல்கின்றன. மாதந்தோறும் முதல் சனிக்கிழமை குறிப்பேட்டைப் பார்ப்பது தோழியின் பொறுப்பு.

தோழியரே! உங்கள் இல்லத்துப் பெட்டியும் ஒருநாள் ஒலிக்கலாம். அது தொல்லை அன்று. நம் உடைமையைக் காக்க விழித்திருக்கும் காவலன் கதவைத் தட்டும் ஓசை. அன்று அவன் வாயை அடைக்காமல், எழுந்து கதவைத் திறப்போமாக!