தெளிப்பான் டிரிகர் மாற்றுமுன் கவனிக்க வேண்டியவை

பயிருக்கு மருந்து தெளிக்கும் கருவியில் அடிக்கடி பழுதாகும் உறுப்புகளில் ஒன்று, கைப்பிடியில் உள்ள டிரிகர் ஆகும். ஓஸ் குழாயில் வரும் மருந்தைத் திறந்து விடுவதும் அடைப்பதும் இதன் வேலை. அதே கம்பெனி டிரிகர் கிடைக்காதபோது, கடையில் உள்ள வேறு ஒன்றை வாங்கிப் பொருத்துவது வழக்கம். இதில் தவறில்லை. ஆனால் அது கருவிக்குப் பொருந்துமா என்று பார்த்தே வாங்க வேண்டும். பொருந்தாத டிரிகரில் மருந்து கையில் ஒழுகும். பூச்சி மருந்துகளில் பல தோல் வழியாகவே உடலுக்குள் சென்று நஞ்சாகக் கூடியவை.

அழுத்தம்: கையால் அடிக்கும் முதுகுத் தெளிப்பானில் அழுத்தம் பொதுவாகச் சதுர செ.மீ.க்கு 3 கிலோ அளவில்தான் இருக்கும். எஞ்சினால் இயங்கி, நீண்ட ஓஸ் வழியே தெளிக்கும் விசைத்தெளிப்பானில் 20 கிலோவுக்கு மேலும் ஏறும். கைத்தெளிப்பானின் பிளாஸ்டிக் டிரிகரை இதில் பொருத்தினால் வெடித்துவிடும்.

மரை: கால் அங்குலக் குழாய் மரையின் வெளிவிட்டம் சுமார் 13.2 மி.மீ.; அங்குலத்துக்கு 19 இழைகள். 14 மி.மீ. மரையில் இழைக்கு இழை 1.5 மி.மீ. இடைவெளி இருப்பதும் உண்டு. பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். டேப் சுற்றி இறுக்கினால் அப்போதைக்கு நிற்கும். அழுத்தம் ஏறியதும் பிடுங்கிக்கொள்ளும். எனவே பழைய டிரிகரையும் ஓஸ் முனையையும் கடைக்கே எடுத்துச் செல்வது நல்லது. விரலால் திருகும்போதே ஆட்டமின்றி மூன்று, நான்கு சுற்று ஏற வேண்டும்.

வாசர்: தண்ணீரில் விட்டதும் பால்போல் வெளுக்கும் மருந்துகளில் பெரும்பாலும் எண்ணெய் வகைக் கரைப்பான் கலந்திருக்கும். இது சாதாரண ரப்பர் வாசரை உப்பச் செய்யும். மருந்துத் தெளிப்பானுக்கென்றே விற்கும் வாசரையே கேட்டு வாங்க வேண்டும்.

சோதனை: கழற்றுமுன் அழுத்தத்தை இறக்கி, கருவியைக் கழுவிக்கொள்ள வேண்டும். புதிய டிரிகரைப் பொருத்தியபின், முதலில் வெறும் தண்ணீர் ஊற்றி முழு அழுத்தம் ஏற்ற வேண்டும். டிரிகரை விட்டதும் தண்ணீர் உடனே நிற்க வேண்டும். ஐந்து நிமிடம் கழித்தும் இணைப்புகளில் ஈரம் கசியக் கூடாது.

அடுத்து, ஒரு நிமிடத்தில் வரும் தண்ணீரைப் பிடித்து அளக்க வேண்டும். பழைய டிரிகரில் 600 மி.லி. வந்தது புதியதில் 450 மி.லி. ஆகக் குறைந்தால், அதே கலவையில் அதே வேகத்தில் நடந்து தெளித்தாலும் ஏக்கருக்குச் சேரும் மருந்து கால் பங்கு குறைந்துவிடும். பூச்சி கட்டுப்படாது, செலவு வீணாகும். டிரிகரின் உள்துளை சிறியதாக இருந்தால் இவ்வாறு ஆகும். அதை மாற்றிக்கொள்வதே சரி.

சரியாக அடைக்காத டிரிகரைத் துணி சுற்றியோ, கம்பியால் கட்டியோ வேலை வாங்கக் கூடாது. சொந்தக் கையானாலும் கூலி ஆளின் கையானாலும், மருந்து நனைவது அந்தக் கைதான்.