ஊராரும் ஊர்க்காரரும்

ஓர் ஊர் மக்களை ஒரே சொல்லால் குறிக்கத் தமிழில் வழிகள் பல உண்டு. மதுரையார், மதுரைக்காரர், மதுரைவாசிகள், மதுரை மக்கள். எல்லாம் ஒன்றுதானே என்று கேட்கலாம்; ஒன்றல்ல. தாவரவியல் பயில்கிறவனுக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்றும் நண்பர்கள் கேட்கக்கூடும். பெயரிட்டு வகைப்படுத்துவதுதானே ஐயா எங்கள் துறையின் பாதி வேலை!

'ஊரார்' என்ற சொல்லையே எடுத்துக்கொள்வோம். ஊரிலுள்ள எல்லோரையும் அது குறிக்க வேண்டும். ஆனால், 'ஊரார் என்ன சொல்வார்களோ' என்று அஞ்சுகிறவர் அந்த ஊராருள் தம்மைச் சேர்த்துக்கொள்வதில்லை. 'ஊரார் பிள்ளை' என்றால் நம் பிள்ளை அல்லாத பிள்ளை. அச்சொல் பேசுகிறவரை வெளியே நிறுத்திவிடுகிறது. 'ஊர்க்காரர்' அப்படியன்று. "இவர் நம்ம ஊர்க்காரர்" என்ற மாத்திரத்தில் ஒரு நாற்காலி முன்னே இழுத்துப் போடப்படுகிறது. அந்த 'ஊர்' எவ்வளவு பெரியது என்பது நாம் நிற்கும் இடத்தைப் பொறுத்தது. திருநெல்வேலியில் நின்று சொன்னால் அது ஒரு கிராமம்; சென்னையில் சொன்னால் ஒரு மாவட்டம்; தில்லி இரயில் நிலையத்தில் சொன்னாலோ கன்னியாகுமரி முதல் கும்மிடிப்பூண்டி வரை எல்லாம் ஓரூர்தான்.

இன்னொன்று. நிலத்தால் வரும் பெயரைத் தொல்காப்பியம் உயர்திணைப் பெயர்களோடு வைத்து எண்ணுகிறது. அருவாளன், சோழியன் என்பன உரைகாரர் காட்டும் சான்றுகள். ஊர்ப்பெயரோடு 'ஆன்', 'ஆள்', 'ஆர்' சேர்ந்தால் அங்கே ஒரு மனிதர் வந்து நின்றுவிடுகிறார். மல்லிகையை நாம் 'மதுரை மல்லி' என்போமே தவிர, அதற்கு 'ஆர்' விகுதி கொடுக்கமாட்டோம். இந்தியில் இந்தத் திணைக்கவலை இல்லை. 'பனாரஸி' என்றால் காசி நகரத்தவரும் ஆகலாம், பட்டுச்சேலையும் ஆகலாம், வெற்றிலையும் ஆகலாம். அவர்களுடைய 'ஈ' விகுதி ஆளுக்கும் பொருளுக்கும் பொது.

அந்த 'ஈ' விகுதி ஒட்டிப் பிறந்ததுதான் நம் காதில் அடிக்கடி விழும் 'மதராஸி'. விடுதியில் அச்சொல்லைக் கேட்டுச் சினம் கொள்ளும் நண்பர்களை நான் அறிவேன். ஆனால் சொல்லின் ஆக்கத்தில் இழிவு ஏதுமில்லை. பழைய சென்னை மாகாணத்தில் கடற்கரை ஆந்திரம், இராயலசீமை, மலபார், தென்கன்னடம் எல்லாம் அடங்கியிருந்தன. அந்நாளில் விசாகப்பட்டினத்தாரையும் கோழிக்கோட்டாரையும் 'மதராஸி' என்றது மாகாணக் கணக்குப்படி சரியே. (மைசூர், ஐதராபாத், திருவிதாங்கூர் மக்களுக்கு அது அன்றும் பொருந்தாது.) 1953-இல் ஆந்திரம் பிரிந்தது. 1956-இல் மலபார் கேரளத்தோடும், தென்கன்னடம் மைசூரோடும் சேர்ந்தன. 1969-இல் மாநிலத்தின் பெயர் தமிழ்நாடு ஆயிற்று. 1996-இல் நகரமும் சென்னை ஆயிற்று. நிலம் நான்காகப் பிரிந்து, பெயர்களும் மாறிவிட்டன. சொல் மட்டும் முகவரி தெரியாத கடிதம்போல் இன்னும் தெருவில் அலைகிறது. என் அறைக்கு அடுத்த அறை மலையாள நண்பரும் நானும் ஒரே அழைப்புக்குத் திரும்பிப் பார்க்கிறோம்!

எங்கள் துறையிலும் இத்தகைய கதை ஒன்று உண்டு. நம் வீட்டு வேலிகளில் படரும் முசுமுசுக்கைக்கு 1753-இல் லின்னேயஸ் இட்ட சிறப்புப்பெயர் 'மதராஸ்பட்டானஸ்', அதாவது மதராஸ்பட்டினத்தது. அந்தக் கொடியோ ஆப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் படர்கிறது. ஓரிடத்து மாதிரியைக் கண்டு பெயரிட்டால் பெயர் அவ்விடத்தோடு ஒட்டிக்கொள்கிறது. செடி மறுத்துப் பேசாது, அவ்வளவே வேறுபாடு.

ஆனால் இந்த வழக்கில் நாம் வாதி மட்டும் அல்லர். சென்னையில் கட்டட வேலைக்கு வந்திருக்கும் வங்காளியையும் ஒடியரையும் நம்மவர் 'இந்திக்காரன்' என்கிறார்கள். அவர்கள் வீட்டில் பேசுவது வங்காளமும் ஒடியாவும். நம்மைப் போலவே அவர்களில் பலரும் இந்தியை வெளியே கற்றவர்கள். 'வடக்கன்' என்பது இன்னும் மோசம். திசைகாட்டியை வைத்துக்கொண்டு மனிதருக்குப் பெயரிடும் வேலை அது. அதிலும் 'அன்' விகுதி மரியாதையையும் பறித்துவிடுகிறது. 'மதராஸி'யை மறுக்கும் அன்பர்கள், விடுமுறையில் ஊருக்குப் போகும்போது இச்சொல்லையும் மறுத்துப் பார்க்கலாம். எது கடினம் என்று அப்போது தெரியும்.

சரி, இங்கே இருக்கும் நம்மை என்னவென்பது? 'தில்லித் தமிழர்' என்றால் தலைமுறை தலைமுறையாக இங்கிருப்பவர் போல ஒலிக்கிறது. கரோல் பாக்கில் பிறந்து வளர்ந்த தமிழருக்கு அது பொருந்தும். ஈராண்டுப் படிப்புக்கு வந்தவருக்குச் சற்றுப் பெரிய சட்டை. 'தில்லிவாழ் தமிழர்' நல்ல சொல். எங்கிருந்து வந்தாய், எப்போது போவாய் என்று அது யாரையும் கேட்பதில்லை. சங்க அறிவிப்புகளில் அதையே வழங்கலாம் என்பது என் எண்ணம்.

'தில்லிக்காரர்' என்ற பெயரை மட்டும் தில்லியில் யாரும் நமக்குத் தருவதில்லை. அது கோடை விடுமுறையில், பெட்டியோடு சொந்தத் தெருவில் நுழையும்போது, எதிர்வீட்டுத் திண்ணையிலிருந்து கிடைக்கிறது: "தில்லிக்காரர் வந்தாச்சு!"